பள்ளியில் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நிதி நடை: சிட்னிப் பெற்றோருக்கு ஒரு செய்முறை

ஆஸ்திரேலியர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதோ ஒரு வகைத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட நம் பிள்ளைகளின் பள்ளியில் ஒரு நடை வைத்தால், வெயிலைப் பற்றிய பாடமும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் பிள்ளைகளைச் சுற்றவிட்டுக் கையில் துண்டறிக்கை கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

முதல் படி: அனுமதி

முதலில் முதல்வரிடம் பேசுங்கள். பிறகு பி அண்ட் சி எனப்படும் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் வாங்குங்கள். நடை பள்ளி மைதானத்துக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே சாலையில் போனால் உள்ளாட்சிக் கவுன்சிலின் அனுமதி, போக்குவரத்து ஏற்பாடு என்று வேலை பல மடங்காகும்.

இரண்டாம் படி: பணம் யாருக்கு, எப்படி

கேன்சர் கவுன்சில் அல்லது மெலனோமா இன்ஸ்டிடியூட் ஆஸ்திரேலியா போன்ற ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, அவர்களிடம் நிகழ்ச்சியைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் பெயரில் நிதி திரட்டலாம் என்ற கடிதம் கைக்கு வரும்வரை யாரிடமும் பணம் கேட்காதீர்கள்.

நன்கொடை இணையப் பக்கம் வழியாக நேரே அமைப்புக்குப் போவது நல்லது. ரசீதும் தானாக வந்துவிடும். 2 டாலரும் அதற்கு மேலும் கொடுக்கும் நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டு. ஆனால் சாசேஜ் சிசில் என்ற, சாசேஜ் சுட்டு விற்கும் கடையில் வாங்கித் தின்றதற்கு அது கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரொக்கம் வந்தால் இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிக் காசு கேட்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று கணக்கு வைப்பதை நான் விரும்பவில்லை. சின்னப் பிள்ளைகள் முடியாமல் போனாலும் நடந்துகொண்டே இருப்பார்கள். மொத்தமாக ஒரு தொகை என்றால் நிம்மதி.

மூன்றாம் படி: நாளும் நேரமும்

இதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பார்க்க வேண்டியது வெப்பநிலையை அல்ல, வெயிலின் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று காட்டும் யூவி குறியீட்டை. அது 3-ஐத் தொட்டால் பாதுகாப்பு தேவை. மேகம் மூடிய குளிர்ந்த நாளிலும் அது ஏறலாம். சிட்னியில் நவம்பர், டிசம்பர் நண்பகலில் 10-ஐத் தாண்டும். ஜூன், ஜூலையில் பெரும்பாலும் 3-க்குக் கீழே நிற்கும்.

அப்படியென்றால் ஜூலையில் வைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அப்போது தொப்பிக்கும் சன்ஸ்கிரீனுக்கும் வேலை இல்லை. பிள்ளைகள் எதையும் பழகமாட்டார்கள். மார்ச்சிலோ அக்டோபரிலோ பள்ளி மணி அடித்ததும் 9.15-க்குத் தொடங்கி 10.15-க்குள் முடிப்பதே என் தேர்வு. வார இறுதி வேண்டாம். நம்மவர் பலருக்குத் தமிழ்ப் பள்ளி, பரதநாட்டியம், டியூஷன் என்று ஓட்டம்.

நான்காம் படி: நடை நாள்

சன்ஸ்கிரீன் பூசி 20 நிமிடம் கழித்தே வெயிலுக்குப் போக வேண்டும். ஆகவே 8.55-க்கு வகுப்பறையிலேயே பூசியாக வேண்டும். எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவு) 50+ வாங்குங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு கைக்கு ஒரு தேக்கரண்டி, ஒரு காலுக்கு ஒரு தேக்கரண்டி, முகம், கழுத்து, காதுகளுக்குச் சேர்த்து இன்னொன்று. பெரும்பாலானோர் இதில் பாதிகூடப் பூசுவதில்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளை வீட்டிலிருந்து தன்னுடையதைக் கொண்டுவரட்டும். அகல விளிம்புத் தொப்பிதான் வேண்டும். கிரிக்கெட் கேப் காதையும் பிடரியையும் மறைக்காது.

மைதானத்தைச் சுற்றி ஐந்து நிறுத்தங்கள் வையுங்கள்: சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை, நிழல் தேடு, கண்ணாடி மாட்டு. 1981-இல் வெயில் பாதுகாப்பு விளம்பரத்தில் சிட் என்ற கார்ட்டூன் கடற்காகம் ஆடிப்பாடிச் சொன்னது முதல் மூன்றையும்தான். மற்ற இரண்டும் 2007-இல் சேர்ந்தன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று சின்னவர்களுக்குச் செய்துகாட்டட்டும். தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் நிழலில் இருக்கட்டும்.

யாருக்காக நடக்கிறேன் என்று எழுதிக் குத்திக்கொள்ள ஒரு அட்டை கொடுக்கலாம். ஆனால் வீட்டில் புற்றுநோயால் ஒருவரை இழந்த பிள்ளை இருக்கிறதா என்று ஆசிரியரிடம் முன்பே கேளுங்கள். எழுத விருப்பமில்லாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

ஐந்தாம் படி: தாத்தா பாட்டிக்கு ஒரு மேசை

"நம்ம தோலுக்கு இதெல்லாம் வராது" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கருத்த தோலுக்கு ஆபத்து குறைவு என்பது உண்மை. வைட்டமின் டி-க்காக நமக்கு வெயில் கூடுதலாகவே வேண்டும், அதனால் தாத்தா பாட்டிகளை நிழலிலேயே அடைக்க வேண்டியதில்லை. ஆனால் மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோயில் ஒரு வகை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும். அதற்கு வெயில் முக்கியக் காரணமல்ல. யாரும் அங்கே பார்ப்பதில்லை என்பதால் தாமதமாகத்தான் தெரியவரும். பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977-இல் கண்டறியப்பட்டது இதுதான். 1981-இல், 36 வயதில் இறந்தார்.

எனவே தமிழில் ஒரு பதாகை எழுதி மேசையில் வையுங்கள்: புதிதாக வந்த மச்சம், வடிவமோ நிறமோ மாறும் மச்சம், ஆறாத புண், நகத்தில் புதிதாக ஓடும் கருங்கோடு. இவற்றில் எது இருந்தாலும் ஜிபி-யிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், காட்ட வேண்டும். இந்த மேசையில் தமிழ் பேசும் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

நடை முடிந்த வாரத்திலேயே, சேர்ந்த தொகையைப் பள்ளிச் செய்தி மடலில் வெளியிடுங்கள். மிஞ்சிய சன்ஸ்கிரீனை வகுப்பறைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.