இழை அறாமல் ரிப்பனில் ஐலெட்டும் பிராடும் பொருத்தும் முறை

கையால் செய்யும் வாழ்த்து அட்டையிலோ புகைப்பட ஆல்பத்திலோ ரிப்பன் வைக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது பசையைத்தான். ஆனால் சாட்டின் போன்ற மெல்லிய ரிப்பனில் பசையின் ஈரம் ஊறி முன்பக்கத்தில் கறையாகத் தெரியும். நாளடைவில் ஓரம் பெயர்ந்தும் வரும். ஐலெட், பிராட் என்னும் இரண்டு சிறு உலோகப் பொருத்திகள் இந்தத் தொல்லையைத் தீர்ப்பதோடு அட்டைக்கு அழகையும் கூட்டுகின்றன. காலணியில் கயிறு நுழையும் துளையைச் சுற்றி இருக்கிறதே, அந்த வளையம்தான் ஐலெட். குழல் போன்ற அதன் கழுத்தைத் துளைக்குள் விட்டுப் பின்புறத்தில் தட்டி விரித்துவிட்டால் பிறகு அசையாது. பிராடுக்கு ஒரு தலையும், மடங்கக்கூடிய இரண்டு கால்களும் உண்டு. அலுவலகக் காகிதங்களைக் கோக்கும் பித்தளைப் பின்னின் சிறிய, வண்ணம் பூசிய வடிவம் அது. அந்தப் பின்னுக்கு அமெரிக்காவில் ஜார்ஜ் மெக்கில் 1866-இல் காப்புரிமை பெற்றார்.

இரண்டையும் வெறும் அட்டையில் பொருத்துவது எளிது. ரிப்பன் சேரும்போதுதான் கவனம் வேண்டும். காகிதத்தில் நார்கள் எல்லாத் திசைகளிலும் படிந்து இறுகியிருப்பதால், துளையிட்டால் துளை அப்படியே நிற்கும். ரிப்பனோ நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் சேர்ந்த நெசவு. பஞ்ச் என்னும் துளையிடும் கருவியால் ஒரு வட்டத்தை வெட்டியெடுத்தால் அறுந்த இழைகளின் நுனிகள் ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கிவிடும். நான் தொடக்க காலத்தில் செய்த ஓர் ஆல்பத்தில் ரிப்பனையும் அட்டையையும் சேர்த்தே பஞ்ச் செய்தேன்; சில வாரங்களில் துளை அகன்று, ரிப்பன் ஐலெட்டை விட்டுக் கழன்று தொங்கியது. ஆகவே, ரிப்பனில் இழைகளை வெட்டாமல் விலக்கியே துளை செய்ய வேண்டும். உலோகத்தின் பிடி ரிப்பனை மட்டும் நம்பாமல் அட்டையின் மீது விழ வேண்டும்.

12 மில்லிமீட்டர் அகலமுள்ள சாட்டின் ரிப்பன் ஒன்றை அட்டையின் குறுக்கே பதிப்பதாக வைத்துக்கொள்வோம். இதற்கு 3 மில்லிமீட்டர் துளையுள்ள சிறிய ஐலெட்டே பொருத்தம். 5 மில்லிமீட்டர் ஐலெட்டின் விளிம்பு ரிப்பனின் பெரும்பகுதியை மறைத்து, இருபுறமும் மிகக் குறைவான துணியையே மிச்சம் வைக்கும். துளையின் ஓரத்திற்கும் ரிப்பனின் கரைக்கும் இடையே 4 மில்லிமீட்டராவது இருந்தால்தான் இழுவையைத் தாங்கும். கழுத்தின் நீளத்தையும் பார்க்க வேண்டும்: ரிப்பன், அட்டை எல்லாவற்றையும் கடந்து பின்புறத்தில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பிடி இருக்காது; மிகுந்தால் கழுத்து கோணலாகக் கிழிந்து, கூர்முனைகள் கையையும் அடுத்த பக்கத்தையும் கீறும்.

ரிப்பனின் இனமும் முக்கியம். குறுக்கே வரிவரியாகப் புடைத்திருக்கும் கிராஸ்கிரெயின் கெட்டியான நெசவு என்பதால், புதிதாகக் கற்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். ஊடுருவித் தெரியும் மெல்லிய ரிப்பனான ஆர்கன்சாவில் இழைகள் தாமாகவே நகர்ந்துவிடும். அதன் பின்புறம் அதே நிறத்தில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்துத்தான் பொருத்த வேண்டும்.

முதலில் அட்டையில் மட்டும் பஞ்ச் கருவியால் துளையிடுங்கள். பிறகு ரிப்பனைப் பின்புறத்தில் இருபக்க டேப்பின் சிறு துண்டால் அதன் இடத்தில் நிறுத்துங்கள். டேப் துளையின் மேல் வர வேண்டாம், ஊசியில் பிசின் ஒட்டும். துளை இருக்கும் இடத்தில், முன்பக்கத்திலிருந்து குத்தூசியை நேராக இறக்கி, மெதுவாகத் திருகியபடியே அழுத்தினால், இழைகள் அறாமல் இருபுறமும் ஒதுங்கி வழிவிடும். அவசரப்பட்டு ஓங்கிக் குத்தினால் சாட்டினில் ஓர் இழை இழுபட்டு நீளக்கோடாகத் தெரியும்; அதை மீண்டும் சரிசெய்ய முடியாது. துளை திறந்தவுடன் தாமதிக்காமல் ஐலெட்டை நுழைத்துவிடுங்கள், ஏனெனில் ஒதுங்கிய இழைகள் மறுபடி கூடிவிடும்.

பெரிய ஐலெட்தான் வேண்டுமென்றால் இழையை வெட்டாமல் முடியாது. அப்போது ரிப்பனை இரண்டு கழிவுத் தாள்களுக்கு நடுவே வைத்துப் பஞ்ச் செய்யுங்கள். தாள்கள் துணியை இறுக்கிப் பிடிப்பதால் வெட்டு சுத்தமாக விழும். வெட்டிய விளிம்பில் நிறமற்ற நெயில் பாலிஷை ஊசி முனையால் தொட்டு வைத்து முழுதாக உலரவிடுங்கள். சில ரிப்பன்களில் அது நிறத்தைக் கருமையாக்கும் என்பதால் ஒரு துண்டில் முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஐலெட்டை முன்பக்கத்திலிருந்து நுழைத்து, அட்டையைக் கவிழ்த்து, கெட்டியான மரப்பலகை மீது வைத்த கட்டிங் மேட்டில் கிடத்துங்கள். செட்டர் என்னும், ஐலெட்டை விரிக்கும் கருவியின் முனையைக் கழுத்துக்குள் நிமிர்த்தி வைத்துச் சுத்தியலால் இரண்டு மூன்று முறை அளவாகத் தட்டினால் கழுத்து பூவிதழ் போல விரிந்து படியும். ஒரே அடியில் முடிக்க முயன்றால் செட்டர் சாய்ந்து, விளிம்பு ரிப்பனை வெட்டிவிடும். பொருத்திய பின் ஐலெட் சுழன்றால், திருப்பி வைத்து இன்னொரு முறை தட்டினால் போதும்.

பிராடுக்குச் சுத்தியல் தேவையில்லை. துளையையும் குத்தூசியாலேயே செய்யலாம். அதன் கால்களைச் சேர்த்துப் பிடித்து ரிப்பன் வழியாகவும் அட்டை வழியாகவும் இறக்கி, ரிப்பனின் நீளவாக்கில் எதிரெதிர்த் திசைகளில் மடக்குங்கள். ஒரே பிராடில் நிற்கும் ரிப்பன் கடிகார முள்போலச் சுழலும் என்பதால் இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று வைப்பது நல்லது. என் அனுபவத்தில் பிராடு மிக அழகாகப் பயன்படும் இடம், ரிப்பனை விசிறி மடிப்பாக மடித்து, எல்லா மடிப்புகளின் நடுவிலும் ஊசியை இறக்கி, ஒரே பிராடால் பூப்போல நிறுத்தும் வேலைதான். அடுக்குகள் கூடுவதால் நீளக் கால் உள்ள பிராடு வேண்டும்.

ரிப்பன் அட்டையின் மடிப்பைக் கடந்து சென்றால், அட்டையை மூடிய நிலையில் வைத்து நீளத்தை அளந்த பிறகே இரண்டாவது பிராடுக்குத் துளையிடுங்கள். விரித்த நிலையில் அளந்தால் மூடும்போது ரிப்பன் குறைந்து அட்டையை வளைத்துவிடும். கடைசியாக, ஆல்பம் என்றால் பின்புறத்துக் கால்கள் மீதும் ஐலெட்டின் இதழ்கள் மீதும் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிடுங்கள். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் புகைப்படம் கீறல் படாமல் தப்பும்.