ரீபில்டு செய்த லாரி என்ஜினில் வால்வு ஒட்டுகிறதா?

முதலில் என்ஜின் எப்போது மிஸ் ஆகிறது (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் தடுமாறுகிறது) என்று கவனியுங்கள். சூடான பிறகுதான் என்றால் கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய்) இறுக்கமாக இருக்கலாம், அதிலும் புது கைடு போட்டு ரீமர் (துளையை அளவுக்குச் செதுக்கும் கருவி) சரியாக விடாவிட்டால் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் மாட்டும், அதன் தண்டுதான் அதிகம் சூடாகி விரிகிறது. குளிர்ந்த என்ஜினில் மட்டும் என்றால் தண்டில் பிசின் படிந்திருக்கலாம்.

அப்புறம் கோளாறு தெரியும்போதே ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் (அழுத்தம்) பாருங்கள். குறைந்த சிலிண்டரின் வால்வு கவரைக் கழற்றி என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றினால், ஒட்டிய வால்வின் ஸ்பிரிங் அமுங்கியே நிற்கும், ராக்கருக்கும் (வால்வை அழுத்தும் கை) தண்டு முனைக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரியும். ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடையும் கண்ணாடி மேல் உருட்டி வளைவு பாருங்கள்.

சூட்டில் ஒட்டுவதுதான் என்றால் ஹெட்டைக் கழற்றி, கைடை மேல், நடு, கீழ் என அளந்து மேனுவலோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். ஒட்டிய வால்வைத் தட்டி விடுவித்துவிட்டு அப்படியே மட்டும் ஓட்டாதீர்கள், மறுபடி ஒட்டினால் பிஸ்டன் வால்வை அடித்துவிடும்.