அலாய் வீல் மாற்றும்போது டயர் அழுத்த சென்சாரில் செய்யக்கூடாத தவறுகள்

காருக்குப் புதிய அலாய் வீல் வாங்குகிறவர்கள் விட்டம், அகலம், ஆஃப்செட், போல்ட் துளைகளின் இடைவெளி ஆகியவற்றை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்கிறார்கள். பழைய ரிம்முக்குள் வால்வின் அடியில் இருக்கும் அழுத்த சென்சாரின் நினைவோ, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்த பிறகுதான் பலருக்கும் வருகிறது. பஞ்சர் ஒட்டும் உபகரணமும், டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் இந்த அமைப்பும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று இந்தியாவில் 2020 அக்டோபர் முதல் விதி இருப்பதால், அத்தகைய கார் வைத்திருப்பவர்கள் இதைச் சிறு விஷயமாக நினைக்கக் கூடாது.

முதலில், தம் காரில் எந்த முறை இருக்கிறது என்று தெரியாமலே சென்சாருக்குப் பணம் கொடுப்பது தவறு. சில கார்களில் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு, சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுக் காற்று குறைந்ததைக் கணிக்கிறது. அவற்றில் காற்றைச் சரியாக நிரப்பி, மெனுவில் ரீசெட் செய்தால் போதும். நான்கு டயர்களின் அழுத்தத்தையும் திரை தனித்தனி எண்ணாகக் காட்டினால், பெரும்பாலும் உள்ளே சென்சார் இருக்கிறது என்று கொள்ளலாம்.

அப்படி இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது அலைவரிசை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 433 மெகாஹெர்ட்ஸும் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் 315 மெகாஹெர்ட்ஸும் புழங்குவதால், அங்கிருந்து வந்த மலிவான சென்சார் இங்குள்ள காரோடு பேசாமலே போகலாம். அலைவரிசை பொருந்தினாலும் சமிக்ஞையின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால், மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

அதிகம் கவனிக்கப்படாதது ரிம்மில் சென்சார் உட்காரும் இடம். வால்வுத் துளை பொதுவாக 11.3 மில்லிமீட்டர் என்பதால் எந்தச் சென்சாரும் எந்த ரிம்மிலும் நுழைந்துவிடும். நுழைவதைப் பொருந்துவதாக எண்ணிவிடுகிறார்கள். ஒரு கடையில் என் கண்ணெதிரே, ரிம்மின் சரிவு செங்குத்தாக இருந்ததால் சென்சாரின் உடல் பள்ளத்தில் படியாமல் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நட்டை இன்னும் இறுக்கினால் படிந்துவிடும் என்று சொல்லி இறுக்கினார்கள். டயரை ஏற்றும்போது அதன் விளிம்பு ஏறி நசுக்கி, பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டுவிட்டது. டயர் போடும் முன் ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்து, சென்சார் அதற்கு நன்றாகக் கீழே அடங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நட்டையும் கைப்பழக்கத்தில் முறுக்காமல், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும்.

ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. சில கார்கள் ஓடும்போதே புதிய எண்ணைக் கற்றுக்கொள்ளும். சிலவற்றில் காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி கருவி மூலம் பதிய வேண்டும். டயர் ஏறிய பின் சென்சார் மேல் அச்சிட்ட எண் கண்ணுக்குத் தெரியாது என்பதால், முன்பே நான்கையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எஞ்சினை இயக்கியதும் விளக்கு ஒரு நிமிடம்போலச் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், பல கார்களில் அது அமைப்பின் கோளாறைக் குறிக்கும். அப்போது காற்று நிரப்பிப் பயனில்லை.

பழைய சென்சாரையே புது ரிம்முக்கு மாற்றினால் செலவு மிச்சம் என்று தோன்றும். அதன் பேட்டரி உள்ளேயே மூடப்பட்டது, மாற்ற முடியாதது, ஏறத்தாழ 5 முதல் 10 ஆண்டு வரைதான் வரும். ஏழு வருடச் சென்சாரை மாட்டினால் விரைவிலேயே மீண்டும் டயரைக் கழற்ற நேரும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ரப்பர் வாஷர், நட், வால்வுக்குள் காற்றைத் தடுத்து நிறுத்தும் சிறு பாகமான வால்வு கோர் எல்லாம் புதிதாக இருக்கட்டும். அலுமினிய வால்வுத் தண்டில் சாதாரணப் பித்தளை வால்வு கோரையோ பளபளக்கும் உலோக மூடியையோ போட்டால், ஈரம் பட்டு அரித்து இரண்டும் ஒன்றோடொன்று இறுகிவிடும். பிறகு காற்றடிக்க மூடியைத் திருகும்போது தண்டே முறிந்து கையோடு வரும்.