முதலில் மருந்து நாள், பிறகு டிக்கெட்

மூட்டுகள் வீங்கி இறுகும் ருமட்டாய்டு முடக்குவாதம் வந்த பிறகு வெளியூர்ப் பயணத்தையே விட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பல பேர் இருக்கிறார்கள். கல்யாணம், வளைகாப்பு, குலதெய்வம் கோயில், எதற்குக் கூப்பிட்டாலும் "மருந்து இருக்கே" என்று சொல்லி நின்றுவிடுகிறார்கள். நான் தென்காசியில் இருக்கிறேன். என் டாக்டர் சென்னையில், தம்பி சார்ஜாவில். இரண்டு ஊருக்கும் போய்வருகிறேன், நீங்களும் போகலாம். காலண்டரில் முதலில் மருந்து நாளைக் குறியுங்கள், அதைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

என் மருந்துகள் இவை: நோயை அடக்க வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், டாக்டர் குறித்த மற்ற நாள்களில் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், காலைச் சாப்பாட்டுக்குப் பின் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசி. உங்கள் சீட்டில் வேறு இருக்கலாம். அளவை மாற்றுவதெல்லாம் உங்கள் டாக்டர் வேலை. எடுத்துப்போவதும் நேரம் தவறாமல் போடுவதும்தான் நம் வேலை.

மெத்தோட்ரெக்சேட்டில்தான் அதிக கவனம் வேண்டும். வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டுவிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். வீட்டில் நாள் குழம்பாது. இரவு ரயில், உறவினர் வீடு, விசேஷம் என்று அலையும்போது இன்று சனியா ஞாயிறா என்பதே மறந்துபோகும். இதில் பெயர்க் குழப்பம் வேறு: ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்சேட், ஃபோல்வைட் என்பது ஃபோலிக் ஆசிட். அவசரத்தில் எடுத்துத் தரும் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் வார மாத்திரையைத் தினசரி டப்பாவில் போடவே மாட்டேன். தனிக் கவரில், அட்டையோடு, மேலே பேனாவால் "ஞாயிறு இரவு மட்டும்" என்று எழுதி, அந்தப் பயணத்துக்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொள்வேன்.

ஞாயிறு இரவு போட்டால் திங்கள் முழுக்க எனக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும். ஆகவே ஞாயிறு இரவும் திங்களும் பயணம் கிடையாது. தவிர்க்கவே முடியாத தேதி என்றால், மாத்திரையை ஒரு நாள் தள்ளலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நேரத்தில் நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

பிரெட்னிசோலோன் இதற்கு நேர்மாறு. அதை ஒரு நாளும் விடக் கூடாது. நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடும்போது உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கும் அளவுக்குப் போகலாம். பெட்டி தொலைந்தாலும் இது தொலையக் கூடாது. பாதி கைப்பையில், பாதி கூட வருபவரிடம், திரும்பும் தேதிக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக. எந்த மாத்திரையையும் அட்டையிலிருந்து பிரித்து எடுத்துப்போகாதீர்கள். பெயரும் காலாவதித் தேதியும் அட்டையில்தான் இருக்கின்றன.

ரயிலுக்கு வருவோம். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது, அன்றே எடுத்துவிடுங்கள். மேல் படுக்கைக்கு ஏறும் கஷ்டம் நமக்குத் தெரியும். தனியாகப் போகும் 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு, அதில் கேளுங்கள். சென்னை போகும் பொதிகை ரயிலில் நான் செங்கல்பட்டு வரும் முன்பே எழுந்துவிடுவேன். காலையில் மூட்டு இறுக்கம் விட ஒரு மணி நேரமாவது ஆகும். எழும்பூரில் இறங்கும்போது விரல் மடங்காமல் கைப்பிடியைப் பிடிப்பது ஆபத்து. முந்தின நாள் பொடி தடவிக் கட்டிய இட்லி இரண்டைச் சாப்பிட்டு, தாம்பரத்துக்குள் மாத்திரையைப் போட்டுவிடுவேன். தண்ணீர் பாட்டில் மூடி திருகாமல் திறக்கிற மாதிரி இருக்கட்டும். சீல் வைத்த பாட்டில் என்றால் வாங்கும்போதே கடைக்காரரிடம் திறந்து தரச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

ஊசிதான் சிக்கல். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். அதில் 25 டிகிரி வரை என்று போட்டிருந்தால், மே மாதத்து நம் ஊர் அறை வெப்பம் அந்தக் கணக்கில் வராது. நல்ல வழி, ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பி அடுத்த ஊசிக்குள் திரும்புவது. முடியாவிட்டால் தெர்மாகோல் பெட்டி, ஜெல் ஐஸ் பேக், நடுவில் துண்டு. ஐஸ் நேராகப் பட்டு மருந்து உறைந்துவிட்டால், உருகிய பின் பார்க்க நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. உறவினர் வீட்டு ஃபிரிட்ஜில் நடுத் தட்டில் வைத்து "ஃப்ரீசருக்கு மாற்ற வேண்டாம்" என்று சீட்டு ஒட்டுங்கள். ஹோட்டலில் சாவி அட்டையை உருவியதும் ஃபிரிட்ஜும் அணைந்துபோகும் அறைகள் உண்டு. வரவேற்பில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

விமானத்தில் எல்லா மருந்தும் கைப்பையில்தான். சரக்குப் பகுதியில் ஊசி உறையலாம், பெட்டி வேறு ஊருக்குப் போகலாம். டாக்டர் கடிதத்தில் மருந்தின் மூலப் பெயர் இருக்கட்டும், கம்பெனிப் பெயர் வெளிநாட்டில் புரியாது. சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் போகிறவர்கள் வலி மாத்திரைகளை ஒருமுறை பிரித்துப் பாருங்கள்: டிரமடோல், கோடீன் கலந்தவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள், அந்நாட்டு அரசின் முன் அனுமதி வேண்டும். பாரசிட்டமாலோடு டிரமடோல் சேர்ந்த மாத்திரையை நம்மில் பலர் சாதாரணமாகப் பையில் வைத்திருக்கிறோம். நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான், அங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் போதும்.

போன இடத்தில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு என் டாக்டர் சொல்லியிருப்பது: கிருமித்தொற்றோடு காய்ச்சல் என்றால் மெத்தோட்ரெக்சேட்டும் ஊசியும் அவரைக் கேட்கும்வரை நிற்கும், பிரெட்னிசோலோன் தொடரும். வாந்தியில் பிரெட்னிசோலோன் தங்காவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே ஊசியாகத் தருவார்கள். இன்னொன்று, கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் மெத்தோட்ரெக்சேட்டோடு சேரவே கூடாது, ரத்த அணுக்களைக் கடுமையாகக் குறைத்துவிடும். சிறுநீர்த் தொற்றுக்கு அதை எழுதுவது வழக்கம்தான், புது ஊர் டாக்டருக்கு உங்கள் மருந்து தெரியாது. அதனால் மருந்துப் பட்டியல், கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, உங்கள் டாக்டரின் எண் மூன்றையும் ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதி பர்ஸில் வையுங்கள். எங்கே போய் உட்கார்ந்தாலும் உடம்புக்கு என்ன என்று சொல்வதற்கு முன் அந்தத் தாளை நீட்டுங்கள்.