ஏழு அங்குலத் திரையும் ஒரு 'டி'யும்

ஒரு வாரத்தைத் தின்ற தலைவலி தீர்ந்தது. 1024-க்கு 600 பிக்சல் அளவுள்ள சின்ன எச்டிஎம்ஐ திரை அது. பின்விளக்கு எரியும், படம் மட்டும் வராது. வீட்டிலிருந்த இரண்டு லினக்ஸ் கணினிகளிலும் திரைகளைப் பட்டியலிடும் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையில் 'இணைப்பு இல்லை' என்றே வந்தது.

கேபிளை மாற்றினேன், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதிதாகப் போட்டேன், தனி அடாப்டரில் மின்சாரம் கொடுத்தேன். பலனில்லை.

அப்புறம்தான் வன்பொருள் விவரங்களைக் கெர்னல் காட்டும் சிஸ் (/sys) கோப்புறையில், திரைகளுக்கான டிஆர்எம் (drm) பிரிவில் அந்தப் போர்ட்டின் ஈடிஐடி (edid) கோப்பைப் பார்த்தேன். திரை தன்னை அறிமுகப்படுத்தும் தகவல் அதில்தான் வரும். கோப்புப் பட்டியலில் அதன் அளவு 0 என்று இருந்தது. அதை நம்பக் கூடாது. நல்ல மானிட்டருக்கும் அங்கே 0 என்றுதான் காட்டும். உள்ளடக்கத்தைப் படித்து எண்ண வேண்டும். மானிட்டருக்கு 256 பைட் வந்தது, இந்தச் சின்னத் திரைக்கு ஒன்றுமே வரவில்லை.

சரி, திரையைக் கேட்காமலே படத்தை அனுப்பக் கணினியிடம் சொல்ல வேண்டியதுதான். கணினியைத் தொடக்கி வைக்கும் கிரப் (GRUB) நிரலின் அமைப்பில், கெர்னலுக்குப் போகும் வரியில் 'வீடியோ' (video) அளவுருவைச் சேர்த்து, போர்ட் பெயர், 1024-க்கு 600, 60 ஹெர்ட்ஸ், கடைசியில் ஆங்கில 'டி' (D) கொடுத்தேன். அது பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும். சின்ன 'டி' (d) போட்டால் போர்ட்டையே அணைத்துவிடும். யார் யோசித்து வைத்தார்களோ! கிரப்பைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்ததும் படம் வந்துவிட்டது.