மொரிஷியஸிலிருந்து 5 வாட்டில் டிஜி போட்டி ஆடுவது எப்படி

5 வாட் அமெச்சூர் ரேடியோவை வைத்துக்கொண்டு போட்டியில் என்ன கிழிக்கப் போகிறாய் என்று ரோஸ்ஹில்லில் என் மாமா கேட்டார். ஒரு சின்ன பல்பு அளவு பவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆகஸ்டு கடைசி வார இறுதியில் வரும் வேர்ல்டு வைடு டிஜி போட்டியில் (ரேடியோவோடு கம்ப்யூட்டரை இணைத்து, உலகத்தில் எத்தனை நிலையங்களோடு முடியுமோ அத்தனையோடு குட்டிச் செய்தி பரிமாறும் போட்டி) தூரத்துக்கும் மார்க் உண்டு. ஒரு தொடர்புக்கு 1 புள்ளி, அதன்மேல் ஒவ்வொரு 3000 கிலோமீட்டருக்கும் இன்னொரு புள்ளி. பாரிஸ் 4, நியூயார்க் 5, சென்னை 2, பக்கத்து ரீயூனியன் வெறும் 1. உலக வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி வைத்திருக்கிறார்கள். நம் கட்டம் எல்ஜி89, அதில் 'எல்ஜி' என்ற முதல் இரண்டு எழுத்து ஒவ்வொரு பேண்டிலும் (அலைவரிசைத் தொகுதியிலும்) எதிராளிக்கு ஒரு பெருக்கி, அதாவது மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்ணிக்கையில் ஒன்று கூடும். இந்த எல்ஜியில் நிலம் என்று இருப்பதே கொஞ்சம்தான், அதனால் அவர்கள்தான் நம்மைத் தேடி வருவார்கள். (நமக்கும் ஒரு குஷி இருக்கிறது: சென்னை என்கே, கோயம்புத்தூர் எம்கே, நாகர்கோவில் எம்ஜே. தமிழ்நாட்டுக்குள்ளேயே மூன்று பெருக்கிகள்.)

ஐசிடிஏ (மொரிஷியஸின் தொலைத்தொடர்பு ஆணையம்) லைசென்ஸும் 3பி8 என்று தொடங்கும் மொரிஷியஸ் அழைப்புக்குறியும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

பவர் கணக்கை முதலில் புரிந்துகொள்ளுங்கள். 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் வித்தியாசம் 13 டெசிபல். 100 வாட் போட்டால் ஜெர்மனியில் மைனஸ் 5 டெசிபல் என்று கேட்கும் சிக்னல், உங்கள் 5 வாட்டில் மைனஸ் 18 ஆகக் கேட்கும். இந்தப் போட்டியில் ஓடும் டிஜிட்டல் முறைகள் இரண்டு: எஃப்டி8 மைனஸ் 21 வரை டிகோட் செய்யும் (சிக்னலிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்கும்), எஃப்டி4 கிட்டத்தட்ட மைனஸ் 17.5-லேயே நின்றுவிடும். ஆகவே பேண்ட் நன்றாகத் திறந்திருக்கும்போது ஒரு சுற்றுக்கு (ஒரு முறை அனுப்பவோ கேட்கவோ) 7.5 வினாடியே எடுக்கும் எஃப்டி4-இல் வேகமாக அள்ளுங்கள், சிக்னல் மங்க ஆரம்பித்ததும் பிடிவாதம் பிடிக்காமல் 15 வினாடி எஃப்டி8-க்கு வந்துவிடுங்கள்.

ஆண்டெனாவுக்குக் காசைக் கொட்டவேண்டாம். சுமார் 20 மீட்டர் கம்பி, அதன் ஒரு முனையில் 49-க்கு 1 டிரான்ஸ்பார்மர், அவ்வளவுதான், 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகள் நான்கும் வேலை செய்யும். வீட்டு மாடியில் தண்ணீர் டேங்குக்கும் மூங்கிலுக்கும் நடுவே கட்டலாம், ஆனால் நான் ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரைக்குப் போய்விடுவேன். ஐரோப்பாவும் அமெரிக்காவும் நமக்கு வடமேற்கில், அந்தப் பக்கம் வெறும் உப்புத்தண்ணீர், சிக்னல் நன்றாகப் போகும். சவுக்கு மரக் கிளையில் கல்லைக் கட்டி எறிந்து கம்பியின் மறுமுனையை மேலே இழுத்துக்கொண்டால் போதும். ரேடியோவை நிழலில் வையுங்கள், டிஜிட்டலில் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு சுற்றும் அது முழுப் பவரில் ஓடும், சூடு ஏறும். சின்ன லித்தியம் பேட்டரி மாலை முழுக்கத் தாங்கும், முதலில் உயிரை விடுவது லேப்டாப்தான்.

அந்த லேப்டாப்பின் கடிகாரத்தைக் கரையில் உட்காரும் முன் சரிசெய்யுங்கள். முதல் வருடம் நான் இதைச் செய்யவில்லை. திரையில் சிக்னல்கள் கோடு கோடாக ஓடுகின்றன, டிகோட் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும். முக்கால் மணிநேரம் கம்பியையும் கனெக்டரையும் குடைந்தேன். டிடி என்ற பத்தியில் (நம் கடிகாரத்துக்கும் வரும் சிக்னலுக்கும் உள்ள நேர வித்தியாசம், வினாடியில்) எல்லோருக்கும் 2.2, 2.3 என்று வந்திருப்பதை அப்புறம்தான் பார்த்தேன், உலகமே தாமதமாக இருக்குமா என்ன! போனில் ஹாட்ஸ்பாட் போட்டு நேரத்தைச் சரிசெய்ததும் பக்கம் பக்கமாக வந்து கொட்டியது.

எஃப்டி8, எஃப்டி4 ஓட்டும் மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய் ஸ்பெஷல் ஆபரேட்டிங் ஆக்டிவிட்டியில் இந்தப் போட்டியைத் தேர்ந்தெடுங்கள், கட்டக் குறிகளைப் பரிமாறுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். சாதாரண ரேடியோ என்றால் லேப்டாப்பிலிருந்து போகும் ஒலி அளவை, ரேடியோவின் ஏஎல்சி (ஒலி மிஞ்சினால் தானாகக் குறைக்கும் அமைப்பு) முள் அசையாமல் நிற்கும் வரைக்கும் குறையுங்கள். கூட்டினால் பவர் ஏறாது, அழுக்குதான் பரவும். எப்போதும் எஃப்டி8 நெரிசலாக இருக்கும் 14.074 மெகாஹெர்ட்ஸில் போய் நிற்காதீர்கள், போட்டி விதியில் சொல்லியிருக்கும் அலைவரிசைக்குப் போங்கள்.

நமக்கு சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஆரம்பம், மறுநாள் அதே நேரம் முடிவு. முதல் இரண்டு மணிநேரம் 10, 15 மீட்டரில் ஐரோப்பா, இருட்டியதும் 20, அப்புறம் 40. வாட்டர்ஃபாலில் (சிக்னல்கள் கோடுகளாக ஓடும் திரைப் பகுதி) காலியான இடம் பார்த்து, அனுப்பும் இடம் நகராமல் இருக்க 'Hold Tx Freq' போட்டு, சிக்யூ (யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பு) கொடுங்கள். மற்றவர்களைத் துரத்தித் துரத்திக் கூப்பிடுவது 5 வாட்காரனுக்குக் கட்டாது, கூட்டத்தில் நம் குரல்தான் முதலில் அமுங்கும். ஒரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை: நீங்கள் அனுப்பும் சுற்றில் வேறு யார் அதே இடத்தில் அனுப்புகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பதில் வருவது திடீரென்று நின்றால் ஒரு சுற்று வாயை மூடிக்கொண்டு பாருங்கள், உங்கள் இடத்தில் ஒரு பெரிய பவர்காரர் கால் நீட்டிப் படுத்திருப்பார். சண்டை போடாமல் 200 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடுங்கள்.

சென்னைக்காரர் கிடைத்தால் வணக்கம் சொல்லக் கை துறுதுறுக்கும். 13 எழுத்து வரை இடம் இருக்கிறது, அனுப்பலாம்தான், ஆனால் ஒரு சுற்று போய்விடும். நான் அனுப்பினேன்.

முடிந்ததும் லாகை (தொடர்புகளின் பட்டியலை) கப்ரில்லோ என்ற போட்டிக் கோப்பு வடிவத்தில் எடுத்துப் போட்டித் தளத்தில் ஏற்றுங்கள், ஏற்றும் முன் பவர் வரியில் கியூஆர்பி (குறைந்த பவர்காரர்களின் பிரிவு) என்று இருக்கிறதா என்று பாருங்கள். லோ என்று விட்டுவிட்டால் 100 வாட்காரர்களோடு சேர்த்து எண்ணிவிடுவார்கள்.