விண்ட்சர்ஃபிங்: இடைநிலையில் இருப்பவர் தமக்கான பலகையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விண்ட்சர்ஃபிங் என்பது பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றின் விசையால் நீரில் ஓடும் விளையாட்டு. அதன் பயிற்சிப் பள்ளியின் அகன்ற பலகையில் நின்று, பாயைக் கயிற்றால் இழுத்துத் தூக்கி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரக் கற்றுக்கொண்டவர். ஹார்னெஸ் மாட்டிப் பாயின் இழுவையை இடுப்பில் தாங்கப் பழகியவர். ஆனால் கால்பட்டைக்குள் பாதத்தை நுழைப்பதும், நீரில் கிடந்தபடியே காற்றைப் பாயில் பிடித்து எழும் வாட்டர்ஸ்டார்ட்டும் இன்னும் ஒரு நாள் கைகூடி மறுநாள் நழுவுகிற நிலையில் இருப்பவர். இவரையே இக்கட்டுரை இடைநிலையாளர் என்று கொள்கிறது. சொந்தப் பலகை வாங்கும்போது இந்த நிலையினர் பலர் தேவைக்கு மேல் சிறியதைத் தேர்ந்துவிடுகிறார்கள். சிறிய பலகை வேகமானது என்பது உண்மைதான். ஆனால் அந்த வேகம் பலத்த காற்றிலும் தேர்ந்த கால்களின் கீழும்தான் வெளிப்படும். கரையிலிருந்து வெகுதூரம் போனபின் காற்று விழுந்துவிட்டால் இந்தப் பலகையில் நின்று திரும்பி வர முடியுமா என்ற கேள்வியை முதலில் வைத்துக்கொண்டு தேடுவதே சரி.

அந்தக் கேள்விக்கு விடை தருவது பலகையின் கொள்ளளவு. அதை லிட்டரில் சொல்வார்கள். நன்னீரில் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1 கிலோவையும், கடல்நீரில் 1.025 கிலோவையும் தாங்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாய், அதைத் தாங்கும் கம்பமான மாஸ்ட், கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பியான பூம் மூன்றும் சேர்ந்து 9 அல்லது 10 கிலோ, பலகை 7 அல்லது 8 கிலோ, நனைந்த உடையும் ஹார்னெஸும் 2 கிலோ என்று கூட்டினால் 90 கிலோவை நெருங்கிவிடும். ஆகவே 90 லிட்டர் பலகை இவரை நீர்மட்டத்தில் அமிழ்ந்தபடியே வைத்திருக்கும். அதன்மேல் நின்று பாயைத் தூக்குவது பெரும்பாடு. 105 முதல் 110 லிட்டர் இருந்தால் நிதானமாகத் தூக்கலாம். உடல் எடையோடு 35 முதல் 40 வரை கூட்டினால் கிடைக்கும் எண்ணே முதல் சொந்தப் பலகைக்கான லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வாட்டர்ஸ்டார்ட் பத்துக்கு ஒன்பது முறை கைகூடிய பிறகு 20 கூட்டினாலும் போதும். அதற்கு முன்பு அந்தக் கணக்குக்கு இறங்க வேண்டியதில்லை.

லிட்டரை மட்டும் பார்த்து நின்றுவிடுவதும் தவறு. ஒரே 110 லிட்டரில் 66 சென்டிமீட்டர் அகலப் பலகையும் உண்டு, 74 சென்டிமீட்டர் அகலப் பலகையும் உண்டு. காலடியில் இரண்டும் வேறு வேறு. அகலமும் குட்டையுமான வடிவம் பக்கவாட்டில் ஆடாது, பெரிய பாயைத் தாங்கும், குறைந்த காற்றிலேயே நீரின் மேற்பரப்பில் வழுக்கி ஓடும் பிளேனிங் நிலைக்கு எழும். ஜேபி நிறுவனத்தின் மேஜிக் ரைடும் ஃபனாட்டிக் நிறுவனத்தின் கெக்கோவும் இந்த வகையில் பெயர்பெற்றவை. இதற்கு விலை உண்டு: சிற்றலை நிறைந்த நீரில் வேகம் கூடும்போது அகன்ற பலகை தடதடவென்று அடித்துக் காலைச் சோர்வாக்கும். குறுகலும் சற்று நீளமுமான வழமையான வடிவம் சிற்றலையை வெட்டிக்கொண்டு மென்மையாகப் போகும், திருப்பங்களிலும் விளிம்பு நீரை எளிதில் கடித்துப் பிடிக்கும். இலங்கையின் கற்பிட்டிக் களப்பில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிடைப்பது போன்ற தட்டையான நீரில் பழகுகிறவருக்கு அகன்றதே நல்லது. இத்தாலியின் கார்டா ஏரியில் பிற்பகல் தோறும் தெற்கிலிருந்து எழும் ஓரா காற்று கிளப்பும் சிற்றலையிலோ திறந்த கடலிலோ ஓடுகிறவர் 70 சென்டிமீட்டருக்குள் நிற்பது நலம்.

வகையைப் பொறுத்தவரை பொதுப் பயன்பாட்டுக்கான, ஃப்ரீரைடு என்று குறிக்கப்பட்ட பலகையைத் தவிர வேறெதையும் இந்த நிலையில் நாட வேண்டாம். ஸ்லாலம் பலகை நேர்கோட்டு வேகத்துக்காகவும், வேவ் பலகை அலையில் திரும்புவதற்காகவும் செதுக்கப்பட்டவை. இரண்டும் கற்பவரின் பிழையைப் பொறுத்துக்கொள்ளா. காற்று பெரும்பாலும் மணிக்கு 12 கடல் மைலுக்குக் கீழேயே வீசும் ஊரில் இருப்பவர் மட்டும் நடுவில் டாகர்போர்டு, அதாவது நீருக்குள் இறக்கி ஏற்றக்கூடிய தகடு, உள்ள பலகையைப் பார்க்கலாம். காற்றை எதிர்த்து மேலேறி வர அது பெரிதும் உதவும். இளையோர் பந்தயங்களில் ஓடும் டெக்னோ 293 அப்படிப்பட்டது: 293 சென்டிமீட்டர் நீளம், 205 லிட்டர்.

கால்பட்டைத் துளைகளைக் கவனிக்காமல் வாங்குகிறவர்களே அதிகம். நடுக்கோட்டை ஒட்டி உள்பக்கமாக ஒரு வரிசையும், விளிம்பை ஒட்டி வெளிப்பக்கமாக மற்றொரு வரிசையும் இருக்க வேண்டும். விளிம்பில் மட்டும் துளை உள்ள பலகையில், முழு வேகம் எடுக்கும் முன்பே பாதத்தை ஓரத்துக்குக் கொண்டுபோக நேரும். பலகை அந்தப் பக்கம் சாய்ந்து காற்றை நோக்கித் திரும்பி நின்றுவிடும். உள்வரிசையில் பழகி, பிறகு வெளியே நகர்த்துவதே முறை. பலகையின் பின்பகுதியில் அடியில் செருகும் தகடான ஃபினின் நீளம் பாயின் அளவுக்கு ஏற்ப மாறும்: 7 சதுர மீட்டர் பாய்க்கு 42 சென்டிமீட்டர் ஒட்டியும், 5.5க்கு 34 ஒட்டியும் இருந்தால் பொருந்தும். முழங்கால் ஆழக் களப்பில் 42 தரை தட்டும் என்பதால், அங்கே சிறிய பாயும் குட்டை ஃபினும்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங், நீருக்கடியில் இறக்கைபோல் இருந்து பலகையை நீருக்கு மேலே தூக்கும் ஃபாயிலுக்கு மாறியதைக் கண்டு, கையிலுள்ள பலகையில் ஃபாயிலை மாட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், பலகையில் ஃபினைச் செருகும் பெட்டி ஃபாயிலுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சாதாரணப் பெட்டி அந்த நெம்புவிசையில் விரிந்துவிடும்.

புதுப் பலகையின் விலை கண்ணைக் கட்டும் என்பதால் பழையதைத் தேடுவதில் தவறில்லை. பொறுமையாகச் சோதித்தால் போதும். உள்ளே இலேசான நுரை, மேலே எப்பாக்ஸி பூசிய மெல்லிய தோல் என்பதே இந்தப் பலகைகளின் அமைப்பு. அந்தத் தோல் நுரையைவிட்டுப் பிரிந்ததா என்பதுதான் கேள்வி. குதிகால் பதியும் இடங்களைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்வாங்கினாலோ மொரமொரவென்று ஒலித்தாலோ வேண்டாம். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், தோல் பிரிந்த இடத்தில் ஒலி மந்தமாக மாறும். மாஸ்ட் விழுந்து மூக்கு உடைந்து ஒட்டப்பட்டிருப்பது பொதுவானது, நன்றாக ஒட்டியிருந்தால் அஞ்ச வேண்டாம். மாஸ்ட் பொருத்தும் தடத்தைச் சுற்றியும் ஃபின் பெட்டியின் ஓரத்திலும் ஓடும் மயிரிழை விரிசல்தான் ஆபத்தானது. வெயிலில் கறுப்பு உறைக்குள் பூட்டி வைக்கப்பட்ட பலகையில் சிறு கொப்புளங்கள் எழுந்திருக்கும். நம் ஊர் வெயிலில் இதைத் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

பலகையின் மேற்பரப்பில் உள்ள சிறிய காற்றுத் திருகாணியை விற்பவர் முன்பாகவே கழற்றுங்கள். விமானப் பயணத்தில் உள்காற்று விரிந்து தோலைக் கிழிக்காமலிருக்க அதைத் திறப்பார்கள். மூட மறந்து நீரில் இறக்கினால் நுரை தண்ணீரைக் குடிக்கும். திருகாணியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார்த்து, துளை கீழே வரும்படி பலகையைக் கவிழ்த்து வையுங்கள். ஈரம் கசிந்தால் விலை பேசவே வேண்டாம். கடைசியாகத் தராசில் வைத்து, தயாரிப்பாளர் அறிவித்த எடையோடு ஒப்பிடுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தால், உள்ளே தண்ணீரோ மறைத்துச் செய்த ஒட்டுவேலையோ இருக்கக்கூடும்.